பாட்ஸி க்ளைன்: குரல் அதேதான், பாட்டுதான் வேறு

கேள்வி இதுதான். அமெரிக்க கன்ட்ரி பாடகி பாட்ஸி க்ளைன் 1955 முதல் 1963 வரை எட்டு வருடம் இசைத்தட்டுகளுக்குப் பாடினார். முதல் ஐந்து வருடத்தில் பெரிதாக ஓடியது ஒரே ஒரு பாட்டு. அதற்கப்புறம் வந்த இரண்டே கால் வருடத்தில் பாடியவைதான் அவர் பெயரை இன்று வரை தூக்கி நிறுத்துகின்றன. நடுவில் என்ன நடந்தது? குரல் மாறியதா? புதிதாகக் கேட்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

குரல் மாறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1955-ல் அவர் பாடிய முதல் பாட்டுகளைக் கேளுங்கள். அதே கனம், அதே சுருதி சுத்தம், நீளமான ஒரு சுரத்தின் கடைசியில் குரலை லேசாக உடைத்து இறக்குகிற அதே பழக்கம், எல்லாம் அப்போதே இருக்கிறது. மாறியவை இரண்டு. எந்தப் பாட்டை அவர் கையில் கொடுத்தார்கள் என்பது ஒன்று. அந்தப் பாட்டைச் சுற்றி என்ன வாசித்தார்கள் என்பது இன்னொன்று. இதை நான் கொஞ்சம் வருத்தப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் பாட்ஸியின் பெயர் போட்ட ஒரு மலிவு சிடியை ஆசையாக வாங்கினேன். இருபது பாட்டு இருந்தது, ‘கிரேசி’ இல்லை. ‘ஐ ஃபால் டு பீசஸ்’ இல்லை. இவரைப் போய் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று அந்த சிடியை ஒரு வருடம் ஓரமாக வைத்துவிட்டேன். அதில் இருந்தவை அத்தனையும் அந்த முதல் ஐந்து வருடத்துப் பாட்டுகள் என்று பின்னால்தான் தெரிந்தது.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாக. இயற்பெயர் வர்ஜீனியா பேட்டர்சன் ஹென்ஸ்லி. பிறந்தது 1932 செப்டம்பர் 8, வர்ஜீனியா மாநிலத்தின் வின்செஸ்டர் ஊரில். அப்பா குடும்பத்தை விட்டுப் போனபின் படிப்பை நிறுத்திவிட்டு, ஊரில் இருந்த மருந்துக்கடையின் சோடா கவுன்ட்டரில் வேலை பார்த்தார். அம்மா ஹில்டா தையல்காரர். மகள் மேடையில் போட்ட ஓரக்குஞ்சம் வைத்த கவ்கேர்ல் உடைகளைத் தைத்ததும் அவர்தான். முறைப்படி இசை படிக்கவில்லை, நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. பதின்மூன்று வயதில் வந்த கடுமையான வாதக் காய்ச்சலுக்குப் பிறகுதான் குரல் இப்படித் திறந்துகொண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். பேட்டர்சன் என்ற நடுப்பெயரிலிருந்து ‘பாட்ஸி’ வந்தது. முதல் கணவர் ஜெரல்டு க்ளைன் மூலமாக ‘க்ளைன்’ வந்தது. அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது.

1954 செப்டம்பர் 30 அன்று அவர் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் இருந்த ஃபோர் ஸ்டார் ரெக்கார்ட்ஸ், அதன் முதலாளி பில் மெக்கால். பாட்ஸியின் ரெக்கார்டிங் கதையைப் புரிந்துகொள்ள இந்தக் காகிதத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்பேன். விற்பனையில் அவருக்கு 2.34 சதவீதம் ராயல்டி. அந்தக் காலத்தில் வழக்கமாகக் கிடைத்ததில் ஏறக்குறைய பாதி. ஸ்டுடியோ செலவும் வாத்தியக்காரர் கூலியும் அவர் கணக்கிலேயே கழியும். இதெல்லாம் பணச் சிக்கல், சரி. உயிரை எடுத்தது இன்னொரு நிபந்தனை: ஃபோர் ஸ்டார் பதிப்புரிமை வைத்திருக்கிற பாட்டுகளை மட்டுமே அவர் பாட வேண்டும்.

இது எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். ஒரு பாட்டு இசைத்தட்டாக வந்தால் பாடகருக்கு ஒரு பங்கு, பாட்டின் பதிப்பாளருக்கு இன்னொரு பங்கு. மெக்கால் இரண்டாவது பங்கில் கண் வைத்தவர். பாட்ஸியைத் தன் பாட்டுகளை மட்டும் பாடவைத்தால் ஒவ்வொரு தட்டிலும் பதிப்பாளர் காசு தன் வீட்டுக்கே வரும். போதாததற்கு ‘டபிள்யூ. எஸ். ஸ்டீவன்சன்’ என்ற புனைபெயரில் பல பாட்டுகளின் எழுத்தாளர் வரிசையிலும் அவரே நுழைந்துகொண்டார். பாட்ஸியின் முதல் இசைத்தட்டிலேயே பாட்டெழுதி எடி மில்லரின் பெயரோடு இந்த ஸ்டீவன்சன் பெயரும் இருக்கிறது. தட்டை அச்சடித்து விற்கும் வேலையைப் பெரிய கம்பெனியான டெக்காவிடம் விட்டார்கள். முதலில் டெக்காவின் துணை லேபிளான கோரல், அப்புறம் டெக்கா. ஆக, டெக்கா முத்திரையைப் பார்த்துவிட்டு அவர் டெக்கா பாடகி என்று ஊர் நினைத்தது. உண்மையில் அவர் ஃபோர் ஸ்டாரிடம் கட்டுண்டவர், டெக்காவுக்கு வாடகைக்கு வந்தவர். கைச்செலவுக்கு முன்பணம் கேட்டுப் போனபோதெல்லாம் ஒப்பந்தம் இன்னும் கொஞ்சம் நீண்டது.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் நல்ல பாட்டெழுதிகள் இருந்தார்கள். ஆனால் தன் பாட்டின் பதிப்புரிமையை மெக்காலுக்குத் தூக்கிக்கொடுத்துவிட்டு பாட்ஸியிடம் தர யாருக்கு மனசு வரும்? எனவே நல்ல பாட்டெல்லாம் அவரைத் தாண்டிப் போயிற்று. மெக்காலின் அலமாரியில் மிஞ்சியவை அவருக்கு வந்தன. 1955 ஜூன் 1-ல் நாஷ்வில்லில் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியின் மேற்பார்வையில் முதல் ரெக்கார்டிங் நடந்தது. அன்று தொடங்கி 1960 ஜனவரி வரை ஃபோர் ஸ்டார் கணக்கில் 51 பாட்டுகள் பாடினார். ஹாங்கி டாங்க், ராக்கபில்லி, பக்திப் பாட்டு, பாப் என்று எதையும் விடவில்லை. எதில் இந்தக் குரல் பொருந்தும் என்று ஓவன் தேடிக்கொண்டே இருந்தது அந்தப் பாட்டுகளில் காதுக்குத் தெரிகிறது. நிறையப் பேர் இந்த 51-ஐயும் குப்பை என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். 1960 ஜனவரியில் கடைசி ஃபோர் ஸ்டார் ரெக்கார்டிங்கில் அவர் பாடிய ‘லவ்சிக் ப்ளூஸ்’ஸைக் கேளுங்கள். குரல் ஒரு ஸ்தாயியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் யோடலிங்கை அவர் எவ்வளவு விரும்பினார், எவ்வளவு லாகவமாகச் செய்தார் என்பதற்கு அது சாட்சி.

அந்த ஐந்து வருடத்தின் ஒரே பெரிய வெற்றி ‘வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்’. டான் ஹெக்ட், ஆலன் பிளாக் இருவரும் எழுதியது. முதலில் கே ஸ்டார் என்ற பாப் பாடகிக்காக எழுதினார்கள். அவருடைய கம்பெனி வேண்டாம் என்றது. பாட்ஸிக்கும் பிடிக்கவில்லை. இது வெறும் பாப் பாட்டு, நான் கன்ட்ரிக்காரி என்பது அவர் கட்சி. ஒரு மாதிரி சமரசமாக 1956 நவம்பர் 8-ல் பதிவானது. கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸின் குழுவில் வாசித்த டான் ஹெல்ம்ஸ்தான் அதில் ஸ்டீல் கிட்டார். பிறகு அது டேப்பாகவே கிடந்தது.

1957 ஜனவரி 21 அன்று ஆர்தர் காட்ஃப்ரேயின் ‘டேலன்ட் ஸ்கவுட்ஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாட அழைப்பு வந்தது. திறமைசாலியைக் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறவர் குடும்பத்து ஆளாக இருக்கக் கூடாது. கூட்டிக்கொண்டு வந்தவர் அம்மா ஹில்டா, உறவைச் சொல்லாமல் மேடையேறினார். பாட்ஸி வேறொரு பாட்டுப் பாடலாம் என்றிருந்தார். நிகழ்ச்சிக்காரர்கள் இதைத்தான் பாடச் சொன்னார்கள். அம்மா தைத்த கவ்கேர்ல் உடையையும் கழற்றச் சொல்லி, விருந்துக்குப் போகிற மாதிரி கவுனில் நிறுத்தினார்கள். கைதட்டலில் போட்டியை ஜெயித்தார். டெக்கா அவசர அவசரமாகப் பிப்ரவரியில் இசைத்தட்டை வெளியிட்டது. கன்ட்ரி பட்டியலில் 2-வது இடம், பாப் பட்டியலில் 12-வது இடம். ஆகஸ்டில் முதல் ஆல்பம் வந்தது.

அப்புறம் மூன்றரை வருட மௌனம். பாட்டுகள் வந்தன, எதுவும் ஓடவில்லை. இரண்டாவது கணவர் சார்லி டிக்கோடு கல்யாணம், ஒரு குழந்தை, 1959-ல் நாஷ்வில்லுக்குக் குடிமாற்றம். கிட்டார்காரர் ராண்டி ஹியூஸ் மேனேஜர் ஆனார். 1960 ஜனவரியில் பாட்ஸி கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற பெரிய வானொலி மேடையில் உறுப்பினர் ஆனார். மேடைக்கூலி கைக்கு வந்தால்தான் பாடுவார் என்று பெயர். 2.34 சதவீதத்தில் ஐந்து வருடம் ஓட்டியவர் அப்படி இருந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1960-ல் ஃபோர் ஸ்டார் ஒப்பந்தம் ஒருவழியாக முடிந்தது. டெக்கா அவரை நேரடியாக எடுத்துக்கொண்டது. அதற்குள் டெக்காவின் நாஷ்வில் கிளைக்கு ஓவன் பிராட்லி தலைவராகியிருந்தார். கவனியுங்கள், தயாரிப்பாளர் மாறவில்லை. 1955-ல் கூட இருந்த அதே மனிதர்தான். ஸ்டுடியோ மாறவில்லை. பாடகி மாறவில்லை. பூட்டு ஒன்று திறந்தது, அவ்வளவுதான். இப்போது ஊரில் உள்ள எந்தப் பாட்டெழுதியின் கதவையும் தட்டலாம்.

அந்த ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஓவனும் தம்பி ஹெரால்டு பிராட்லியும் நாஷ்வில்லின் 16-வது அவென்யூ தெற்கில் ஒரு பழைய வீட்டை வாங்கி, அதன் பின்புறம் ராணுவத்தில் கழித்துப் போட்ட, அரை உருளை வடிவத் தகரக் கொட்டகை ஒன்றைப் பொருத்தினார்கள். குவான்செட் ஹட் என்று பெயர். இன்று ‘மியூசிக் ரோ’ என்று உலகம் சொல்லும் தெரு அந்தக் கொட்டகையைச் சுற்றி வளர்ந்ததுதான். உள்ளே வாசித்தவர்கள் பத்துப் பதினைந்து பேர், ‘ஏ-டீம்’ என்பார்கள். பியானோவில் ஃப்ளாய்டு கிரேமர், பேஸில் பாப் மூர், டிரம்ஸில் படி ஹார்மன், கிட்டாரில் கிரேடி மார்ட்டினும் ஹேங்க் கார்லண்டும். எழுதிவைத்த நோட்ஸ் பெரும்பாலும் கிடையாது. பாட்டை ஒருமுறை கேட்பார்கள், சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளான கார்டுகளை 1, 4, 5 என்று எண்களாகக் குறித்துக்கொள்வார்கள், அங்கேயே பின்னணியைக் கட்டிவிடுவார்கள். நம் ஸ ரி க ம மாதிரிதான். சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் எண் மாறாது. இந்த எண் முறையைக் கொண்டுவந்தவர் ஜோர்டனேர்ஸ் குழுப் பாடகர் நீல் மேத்யூஸ். மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டு முடிந்துவிடும்.

இன்னொரு நுணுக்கம். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மரப் பேஸ் ஒரு வரியை வாசிக்க, அதே வரியை ஹெரால்டு ஆறு தந்தி எலெக்ட்ரிக் பேஸில் சேர்ந்து வாசிப்பார். ‘டிக்-டாக்’ என்று அவர்களுக்குள் பெயர். ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் சின்னதாக ஒரு ‘டக்’ கேட்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் பாட்ஸியின் பிற்காலப் பாட்டுகளில் இது தெளிவாகத் தெரியும். குரல் எவ்வளவு மெதுவாக இழுத்துக்கொண்டு போனாலும் தாளம் தொய்யாமல் நிற்பதற்கு இந்த ‘டக்’தான் காரணம் என்பது என் எண்ணம்.

அந்த நேரத்தில் கன்ட்ரி இசைக்கே ஒரு பயம் இருந்தது. 1956-க்குப் பிறகு இளைஞர்கள் ராக் அண்ட் ரோலுக்கு ஓடிவிட்டார்கள். ஆர்.சி.ஏ. கம்பெனியில் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸும் டெக்காவில் ஓவனும் ஒரு வழி கண்டார்கள். நாட்டுப்புற ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளி, கோரஸையும் பியானோவையும் வயலின் வரிசையையும் முன்னுக்குக் கொண்டுவருவது. நகரத்துக்காரரும் வாங்குவார்கள், கிராமத்துக்காரரும் விட மாட்டார்கள். இதைத்தான் ‘நாஷ்வில் சவுண்ட்’ என்கிறோம்.

1960 நவம்பர் 16. டெக்காவோடு நேரடி ஒப்பந்தத்தில் முதல் ரெக்கார்டிங். பாட்டு ‘ஐ ஃபால் டு பீசஸ்’, எழுதியவர்கள் ஹேங்க் காக்ரன், ஹார்லன் ஹோவர்ட். பாடகி பிரெண்டா லீ வேண்டாம் என்று விட்ட பாட்டு. பாட்ஸிக்கும் முதலில் ஒட்டவில்லை. முக்கியமாக, எல்விஸுக்குப் பின்பாட்டுப் பாடிய ஜோர்டனேர்ஸ் நால்வரும் வரிசையாக நின்றதைப் பார்த்துப் பயந்தார். நான்கு ஆண் குரல்களில் என் குரல் மூழ்கிப்போகும் என்றார். நடந்தது நேர்மாறு. அவர்கள் கீழே மெத்தை மாதிரி ஹம்மிங் விரிக்க, இவர் குரல் கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் மேலே நின்றது. அதுவரை பாட்ஸி மேடைக்குப் பாடுகிற மாதிரி மைக்குக்கும் பாடிக்கொண்டிருந்தார். இந்தப் பாட்டில்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குச் சொல்கிற மாதிரி பாடினார். தாளமும் அழுகைப் பாட்டுக்கு வழக்கமான இழுவை இல்லை, மெல்லிய ஷஃபிள் நடை. மனசு உடைந்ததைச் சொல்லும் வரிகள், நடந்துகொண்டே சொல்கிற மாதிரி ஒரு அசைவு. அந்தப் பொருத்தமின்மைதான் அழகு.

1961 ஜனவரியில் வெளிவந்தது. உடனே ஓடவில்லை. ஏப்ரலில்தான் பட்டியலில் நுழைந்தது, ஆகஸ்டில் கன்ட்ரியில் முதலிடம். பாப் பட்டியலிலும் 12-வது இடம் வரை போனது. அது மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, ஜூன் 14 அன்று, நாஷ்வில்லில் கார் விபத்து. தம்பி ஓட்டிய வண்டி நேருக்கு நேர் மோதி, பாட்ஸி முன்கண்ணாடியில் வீசப்பட்டார். நெற்றியில் ஆழமான வெட்டு, இடுப்பெலும்பு விலகல், மணிக்கட்டு முறிவு. எதிர் வண்டியில் இருந்தவர்களில் இருவர் இறந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தார். அவர் படுத்திருந்தபோது ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பாடகி வானொலியில் ‘ஐ ஃபால் டு பீசஸ்’ஸை அவருக்காகப் பாடினார். கேட்ட பாட்ஸி, அந்தப் பெண்ணை உடனே கூட்டிவரச் சொல்லிக் கணவரை அனுப்பினார். வந்தவர் லொரெட்டா லின். அந்த நட்பு பாட்ஸி இருந்தவரை இருந்தது.

ஊன்றுகோலோடு அவர் ஸ்டுடியோவுக்குத் திரும்பியபோது பதிவானதுதான் ‘கிரேசி’. எழுதியவர் வில்லி நெல்சன். டெக்ஸஸிலிருந்து வந்து, பேம்பர் மியூசிக் என்ற பதிப்பகத்தில் வாரச் சம்பளத்துக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்தார். காக்ரனும் ஹோவர்டும் அதே பதிப்பகம்தான். மெக்காலின் பூட்டு இருந்திருந்தால் இந்த மூவரில் ஒருவரின் பாட்டும் பாட்ஸிக்கு வந்திருக்காது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒரு நள்ளிரவில் சார்லி டிக்கோடு பாட்ஸியின் வீட்டுக்கு வந்ததாகவும், கூச்சத்தில் காரிலேயே உட்கார்ந்திருந்த தன்னை பாட்ஸி வந்து உள்ளே இழுத்துப் போனதாகவும் வில்லி சொல்லியிருக்கிறார்.

வில்லி பாடிய மாதிரிப் பதிவான டெமோ பாட்ஸிக்குப் பிடிக்கவில்லை. வில்லி தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, பேசுகிற மாதிரி பாடுகிறவர். அதே மாதிரி பாட முயன்று பாட்ஸி சலித்துப்போனார். அவர் மாதிரி வேண்டாம், உன் மாதிரி பாடு என்பதுதான் ஓவன் காட்டிய வழி. 1961 ஆகஸ்ட் 21 அன்று அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நான்கு மணி நேரம் செலவழித்தார்கள். மூன்று மணியில் நான்கு பாட்டு முடிக்கிற ஊரில் இது ஊதாரித்தனம். ஆனாலும் முடியவில்லை. விபத்தில் அடிபட்ட விலா இன்னும் ஆறவில்லை, மேல் சுரங்களுக்கு மூச்சைப் பிடிக்கும்போதெல்லாம் வலித்தது. ஓவன் ஒரு முடிவெடுத்தார். வாத்தியங்களையும் கோரஸையும் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பாட்ஸியை வீட்டுக்கு அனுப்பினார். ஸ்டுடியோவில் ஒலிகளை மூன்று தனித் தடங்களில் பதிக்கும் மூன்று டிராக் டேப் இருந்ததால் குரலைத் தனியாக வைக்க இடம் இருந்தது. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் பாடி வாசித்து முடிக்கிற காலம் அது, குரலைப் பின்னால் சேர்ப்பது பழக்கமில்லாத வேலை. சில வாரம் கழித்து பாட்ஸி வந்தார், தயாராக இருந்த டேப்போடு சேர்ந்து பாடினார். ஒரே டேக்.

அதனால் நமக்கு ஒரு லாபம். அந்த வாரங்களில் பாட்டு அவருக்குள் ஊறியிருந்தது. கேட்டுப் பாருங்கள், தாளத்தின் மேல் சவாரி செய்யாமல், வில்லியைப் போல லேசாகப் பின்தங்கித்தான் பாடுகிறார். வேண்டாம் என்று தள்ளியதை அவர் தன் வழியில் எடுத்துக்கொண்டுவிட்டார். கிரேமரின் பியானோ வாக்கியங்களுக்கு நடுவில் பதில் சொல்கிறது, பாட்ஸி அதற்கு இடம் விட்டுப் பாடுகிறார். அக்டோபரில் வெளிவந்து கன்ட்ரியில் 2-வது, பாப்பில் 9-வது இடம். பாப்பில் அவர் எட்டிய உச்சம் அதுதான். நவம்பரில் ‘ஷோகேஸ்’ ஆல்பம், அதே மாதம் 29-ல் ஆப்ரி குழுவோடு நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடை.

அதே ஆகஸ்ட் மாத ரெக்கார்டிங்குகளில் ‘வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்’டை மறுபடி பாடினார். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை: 1956 பதிவையும் 1961 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே பாட்டு, அதே பாடகி, அதே ஓவன். பழையதில் ஸ்டீல் கிட்டார் முன்னால் நிற்கிறது, குரலில் ஒரு நடு இரவுத் துடுக்கு. புதியதில் ஜோர்டனேர்ஸ் இருக்கிறார்கள், எல்லாம் வழவழப்பாக இருக்கிறது. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். ஆக, நாஷ்வில் சவுண்ட் வந்து அவரைக் காப்பாற்றியது என்று ஒரே போடாகப் போட நான் தயாரில்லை. நல்ல பாட்டுக்கு எந்தப் பின்னணியிலும் அவர் குரல் நின்றது. சுமாரான பாட்டை எந்தப் பின்னணியும் தூக்கவில்லை.

‘ஷீ’ஸ் காட் யூ’ இதற்கு அடுத்த சாட்சி. காக்ரன் எழுதியது, 1961 டிசம்பர் 17-ல் பதிவு, 1962-ல் கன்ட்ரியில் முதலிடம். பாட்ஸி எதிர்ப்பில்லாமல் முதல் கேட்பிலேயே விரும்பிய பெரிய பாட்டு அநேகமாக இது ஒன்றுதான். 1962 முழுக்க நிறையப் பாடினார், ஆகஸ்டில் ‘சென்டிமென்டலி யுவர்ஸ்’ ஆல்பம் வந்தது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த மூன்றாவதும் கடைசியுமான ஆல்பம். வருடக் கடைசியில் லாஸ் வேகாஸின் மின்ட் கேசினோவில் 35 நாள் பாடினார்.

1963 பிப்ரவரி 4 முதல் 7 வரை நான்கு நாள் ரெக்கார்டிங். இந்த முறை பில் மெக்கல்ஹைனி எழுதிய வயலின் வரிசை. பாட்ஸி இதற்கும் தயங்கினார், கன்ட்ரியிலிருந்து தன்னை எவ்வளவு தூரம்தான் இழுத்துப் போவார்கள் என்ற கவலை அவரை விடவே இல்லை. அந்தக் கவலையை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தான் யார் என்று தெரிந்த ஒரு கலைஞரின் பிடிவாதம் அது. அந்தப் பிடிவாதம் குரலில் இருப்பதால்தான் வயலின்களுக்கு நடுவிலும் அவர் வின்செஸ்டர் பெண்ணாகவே ஒலிக்கிறார். டான் கிப்சனின் ‘ஸ்வீட் ட்ரீம்ஸ்’, பாப் வில்ஸ் குழுவின் ‘ஃபேடட் லவ்’ எல்லாம் அந்த நான்கு நாளில் பதிவானவை.

மார்ச் 3-ல் கேன்சஸ் நகரில், விபத்தில் இறந்துபோன ஒரு வானொலி அறிவிப்பாளரின் குடும்பத்துக்கு நிதி திரட்டும் கச்சேரி. 5-ந் தேதி திரும்பும்போது ராண்டி ஹியூஸ் ஓட்டிய சிறு விமானம் மோசமான வானிலையில் டென்னசியின் கேம்டன் அருகே விழுந்தது. ஹியூஸ், பாட்ஸி, பாடகர்கள் கவ்பாய் கோபாஸ், ஹாக்ஷா ஹாக்கின்ஸ், நால்வரும் இறந்தார்கள். பாட்ஸிக்கு வயது 30. சாவு வருவது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்ற கதைகள் நிறைய உண்டு. அவற்றை விட்டுவிடுகிறேன், டேப்பில் இருப்பதே போதும்.

பிறகு நடந்தது தனிக் கதை. 1967-ல் டெக்கா போட்ட ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1973-ல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் தனிப் பாடகியாக இடம் பெற்ற முதல் பெண் ஆனார். 1981-ல் இன்னும் விசித்திரம்: 1964-ல் இவரைப் போலவே விமான விபத்தில் இறந்த பாடகர் ஜிம் ரீவ்ஸின் குரலையும் பாட்ஸியின் குரலையும் பழைய டேப்புகளிலிருந்து பிரித்தெடுத்து, புது வாத்தியங்கள் சேர்த்து, ஜோடிப் பாட்டாக வெளியிட்டார்கள். செட் அட்கின்ஸும் ஓவனுமே செய்தது. குரல் தனி டிராக்கில் இருந்ததால்தான் முடிந்தது. விற்றது, டாப் டென்னிலும் வந்தது. தொழில்நுட்பமாக வியக்கலாம், கேட்கச் சொல்ல மாட்டேன். இருவரும் ஒருவரையொருவர் கேட்காமல் பாடுவது காதில் தெரிகிறது.

சரி, எதை வாங்குவது? அந்த 51 ஃபோர் ஸ்டார் பாட்டுகளும் கைமாறிக் கைமாறி, எண்ணற்ற மலிவுத் தொகுப்புகளாக வந்துகொண்டே இருக்கின்றன. அட்டையில் பிற்காலப் புகைப்படம் இருக்கும், உள்ளே 1955 முதல் 1960 வரையிலான பாட்டுகள். நான் ஏமாந்தது அப்படித்தான். பாட்டுப் பட்டியலில் ‘கிரேசி’, ‘ஐ ஃபால் டு பீசஸ்’, ‘ஷீ’ஸ் காட் யூ’ மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே ஒரு தட்டு என்றால் 1967 ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’. ஆல்பமாகக் கேட்க ‘ஷோகேஸ்’. முழுப் பயணமும் வேண்டுமென்றால் 1991-ல் வந்த நான்கு சிடி தொகுப்பு ‘தி பாட்ஸி க்ளைன் கலெக்‌ஷன்’. அதில் ஃபோர் ஸ்டார் காலமும் வரிசையில் வருகிறது, பூட்டு திறக்கிற இடம் உங்கள் காதுக்கே தெரியும்.

கடைசியாக ‘ஃபேடட் லவ்’வை ஹெட்ஃபோனில், இரவில் கேளுங்கள். முடிகிற இடத்தில், கடைசிச் சொல்லுக்குச் சற்று முன், வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, பாட்ஸி மூச்சை இழுப்பது தெளிவாகக் கேட்கும். ஓவன் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்.